மறுபடி கேட்டவர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் அவரைப் பார்த்தேன். இஸ்திரி கலையாத சீருடை அணிந்த பெண் சிற்றூழியர். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சொல்வதைச் சிங்கள டாக்டருக்கு மொழிபெயர்ப்பதும் அவர்தான். ஒவ்வொருத்தியிடமும், “சொல்லக் கூச்சமா வேற எதும் இருக்காம்மா?” என்று மறுபடி கேட்டார். ஏனென்று விசாரித்தேன்.

“பத்து வயசில எங்கம்மாவுக்கு நான்தான், டீச்சர் சொல்லிக்குடுத்த சிங்களத்துல டாக்டர்கிட்ட பேசினேன். ரத்தம் போகுதுன்னு சொல்லச் சொன்னாங்க. வெக்கத்துல வயித்துவலின்னுட்டேன். நான் சொல்லிட்டேன்னு நம்பி, அந்த வயித்துவலி மாத்திரையத்தான் கடைசிவரைக்கும் முழுங்கினாங்க. டாக்டராகணும்னு அப்பவே நெனச்சேன். எங்க ஸ்கூல்ல மேல்வகுப்பு ஏ.எல்.லுக்கு ஆர்ட்ஸ் மட்டுந்தான் இருந்திச்சி, சயன்ஸ் இல்ல.”

என் முறை வந்தது. என்னிடமும் கேட்டார். நாள் தவறாமல் டயரி எழுதும் நான், அதில்கூட எழுதாத மார்புக் கட்டியைப் பற்றிச் சொன்னேன். அதை அவர் டாக்டரிடம் இரண்டு முறை சொன்னார்.