மூணு கெஜம் வெண்டல்

ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் கிடக்கும்போதே வெண்டல் ஹாஸ்கின்ஸ் தலைக்கவசத்தை மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கி, பல்காப்பையும் கடித்துக்கொண்டு தயாராகிவிடுவான். பிறகு மைதானத்துக் கோட்டுக்கு வெளியே, கோச் டெட்மர் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் போய் நிற்பான். ஆட்டம் முடியும்வரை அப்படியே நிற்பான். யாரும் கூப்பிட மாட்டார்கள். முடிந்ததும் பட்டையைத் தளர்த்தி, களைத்துப் போனவனைப்போல ஒரு பெருமூச்சு விட்டு, வரிசையில் போய் எதிரணிக்காரர்களுக்குக் கைகொடுப்பான். "நல்லா ஆடினீங்கப்பா" என்பான். இவன் யார் என்று யோசித்தபடியே அவர்களும் கையை நீட்டுவார்கள்.

ஹார்லன் கிரீக் ஊர் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். சிங்கம், கழுகு, கரடியையெல்லாம் ஒஹையோவின் மற்ற ஊர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டதால் இவர்களுக்கு மிஞ்சியது அதுதான். வாரமெல்லாம் ஆலையிலும் கிடங்கிலும் வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமை மதியம் ஒன்றுகூடி, அமெரிக்கக் கால்பந்து என்ற பெயரில் ஒரு கூர்முனைப் பந்துக்காக ஒருவரையொருவர் முட்டிச் சாய்ப்பார்கள். இதில் வெண்டலின் பொறுப்பு, பந்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவது. சரியாகச் சொன்னால், அந்த வேலையைச் செய்கிற க்விண்டன் மேபெரிக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஓடுவது. க்விண்டனுக்கு ஒன்றும் ஆவதில்லை. வருடக்கணக்காக ஆகவில்லை. கடவுள் அவனை அப்படிக் காப்பாற்றி வந்தார்.

க்விண்டன் வேறு யாருமில்லை, வெண்டலின் மனைவி யோலாண்டாவின் தம்பி. மான் ஓட்டம், நடிகன் சிரிப்பு. பிட்ஸா கடைச் சுவரில் அவன் படம், வங்கி வாசலில் அவன் படம். மேரியன் தெரு சலூனில் ஃப்ளாய்ட் அவனிடம் முடிவெட்டக் காசு வாங்குவதில்லை. வெண்டலிடம் வாங்குவான். "உன் மண்டை பெருசு, கத்தரி தேயுது" என்று காரணமும் சொல்வான்.

அழுக்கே படாத சீருடையை வெண்டல் ஒவ்வொரு வாரமும் துவைக்கப் போடுவதில் யோலாண்டாவுக்குத் தீராத மனக்குறை. "இதுல என்ன கறை இருக்குன்னு துவைக்கச் சொல்ற? கடுகு சாஸ் ஒரு சொட்டு. அதுவும் நீ ஹாட்டாக் தின்னப்ப விழுந்தது."

"வேர்த்திருக்கும்மா."

"நின்னதுக்கா?"

"கவலையில" என்பான் வெண்டல். அதில் பொய் இல்லை. க்விண்டன் ஒவ்வொரு முறை பந்தோடு பாயும்போதும் கூடவே இவன் தோளும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையும். பார்க்கிறவர்கள் எறும்பு கடிக்கிறது என்று நினைப்பார்கள்.

அந்த செப்டம்பரில்தான் கடவுளின் கவனம் சற்றுப் பிசகியது. க்விண்டன் தனியாக எதிரணியின் எல்லைக் கோட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தான். பின்னால் ஒருத்தரும் இல்லை என்று அவனாகவே தீர்மானித்து, வேகத்தைக் குறைத்து, புகைப்படக்காரரைப் பார்த்துக் கையசைத்தான். படம் அருமையாக வந்தது. பின்னாலிருந்து வந்த தடியன் அவன் முட்டியில் மோதியதும் அதே படத்தில் விழுந்திருந்தது.

அரங்கம் இழவு வீடானது. க்விண்டனைத் தூக்கிப் போனபின் கோச் டெட்மர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை வெண்டலைத் தாண்டிப் போய், பந்தை உதைக்கிற ஒல்லிக்குச்சியிடம் நின்றது. "நீ ஓடுவியா?"

"எனக்கு உதைக்க மட்டுந்தான் வரும், கோச்."

பார்வை திரும்பி வந்தது. கவசமும் பட்டையுமாக எதிரில் தயாராக நின்றுகொண்டிருந்தான் வெண்டல்.

"ஹாஸ்கின்ஸ்! நீ இன்னும் டீம்லதான் இருக்கியா?"

"ஆமா, கோச்."

"சரி, போய்த் தொலை. பந்தைக் கீழ மட்டும் போட்றாத."

வெண்டல் ஓடுவதை ஓட்டம் என்று சொன்னால் மற்ற ஓட்டங்கள் கோபித்துக்கொள்ளும். குறுகலான மாடிப்படியில் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவனைப்போலத்தான் அவன் போவான். தலை கவிழ்ந்திருக்கும், கால்கள் சின்னச் சின்னதாய் எட்டு வைக்கும். ஒருவன் இடுப்பைப் பிடிப்பான், இன்னொருவன் முதுகில் ஏறுவான். இவன் அவர்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இன்னும் கொஞ்சம் போய் அதன்பிறகுதான் விழுவான். அளந்தால் மூன்று கெஜம் இருக்கும். எழுந்து வந்து மறுபடியும் பந்தை வாங்குவான். மறுபடியும் மூன்று கெஜம்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இடிக்கும்போதெல்லாம் "மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இடிப்பான். வேண்டுமென்று சொல்வதல்ல. ஆலைக் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டி ஓட்டி நாக்கில் ஊறிவிட்ட பழக்கம். எதிரணிக்காரன் ஒருவன் நடுவரிடமே போய்விட்டான்: "சார், இவன் எங்கள நக்கல் பண்றான்!" நடுவர் விதிகளையெல்லாம் யோசித்துப் பார்த்தார். மரியாதைக்கு அபராதம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கு ஹார்லன் கிரீக் ஜெயித்தது. அடுத்த சனிக்கிழமையும் ஜெயித்தது. பார்ப்பதற்கு அழகில்லாத வெற்றிகள்தான். ஆனாலும் அழகாகத் தோற்றுப் பழகிய ஊருக்கு அவை இனித்தன. முதல் வாரம் "மூணு கெஜம்" என்பது வசவாக இருந்தது. மூன்றாம் வாரம் அதுவே பட்டப்பெயர். ஐந்தாம் வாரம் துணியில் எழுதிக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். அணியிலேயே அதிக தூரம் ஓடியவன் வெண்டல் ஹாஸ்கின்ஸ் என்று ஊர்ப் பத்திரிகை போட்டது, அவன் பெயரில் ஒரேயொரு எழுத்துப்பிழையோடு.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஃப்ளாய்ட், சலூன் நிறைய ஆள் இருக்கும்போது. "இவன் மண்டையைப் பார்த்தவுடனே சொன்னேன். இது முட்டறதுக்குன்னே செஞ்ச மண்டைடா."

"நீ கத்தரி தேயுதுன்னுதான சொன்ன?" என்றான் வெண்டல்.

"அதையேதான் வேற மாதிரி சொன்னேன்."

காசு மட்டும் வாங்கிக்கொண்டான். பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியுமா?

வெண்டலுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. முடி வளர்கிற வேகத்தை மீறி அவன் சலூனுக்குப் போகத் தொடங்கியது யோலாண்டாவின் கண்ணில் பட்டது. பால் வாங்கப் போனவன் பால் இல்லாமல், நாலு பேரிடம் குசலம் விசாரித்துவிட்டுத் திரும்பினான். ஒரு நாள் மருத்துவமனைக்கு க்விண்டனைப் பார்க்கப் போனபோது, முட்டி தேற இன்னும் நாளாகும் என்றார் டாக்டர். "அடப்பாவமே" என்றான் வெண்டல், மனசாரத்தான். திரும்பி வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது எங்கிருந்தோ ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. சீட்டி அடிப்பது தன் வாய்தான் என்று புரிந்ததும் நிறுத்தினான். விளக்கு பச்சையாகியும் அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரனால் திட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் எர்லீன் வீட்டில்தான் சாப்பாடு. வறுத்த கோழியில் தொடை எப்போதும் க்விண்டனுக்கு. முதுகெலும்பு மாப்பிள்ளைக்கு. அணியின் முதல் ஆளாக மாப்பிள்ளை உயர்ந்தபின்னும் தட்டில் முதுகெலும்பு முதுகெலும்பாகவே இருந்தது. ஜெபம் மட்டும் நீண்டது.

"கர்த்தரே, என் பிள்ளையோட முட்டியைச் சீக்கிரம் சொஸ்தமாக்கும். அவன் இடத்துல இப்போதைக்கு நின்னுட்டிருக்கிறவங்களுக்கும், அது இப்போதைக்குத்தாங்கிற நினைப்பைக் கொடும். ஆமென்."

"ஆமென், அத்தே" என்றான் வெண்டல்.

யோலாண்டா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். "ஆமென்னு வேற சொல்றியே, வெக்கமா இல்ல?"

"ஜெபத்துக்கு வேற என்னடீ சொல்றது?"

கடைசி ஆட்டம் டன்மோர் ஊரோடு. ஜெயித்தால் கோப்பை. அந்தச் சமயம் பார்த்துத்தான் கனடாவில் சம்பளத்துக்கு ஆடும் அணி ஒன்றிலிருந்து ஆள் பார்க்க ஒருவர் வரப்போவதாகச் செய்தி கிளம்பியது. யாரைப் பார்க்க என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்தது. க்விண்டனுக்கு இல்லை. அவன் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, "நான் ரெடி" என்று அறிவித்தான். யாரை இறக்குவது என்று கேட்டதற்கு கோச் டெட்மர், தளபதிக்கே உரிய துணிச்சலோடு, "அது உங்க குடும்ப விஷயம். நீங்களே பேசி முடிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் க்விண்டன் வந்தான். வெண்டல் முற்றத்தில் இலைகளை வாரிக்கொண்டிருந்தான். க்விண்டன் காரிலிருந்து இறங்கிய விதத்தை அவன் பார்த்தான். நல்ல காலை முதலில் ஊன்றி, கதவைப் பிடித்து, மற்ற காலைச் சாமான்போல வெளியே எடுத்துவைத்தான்.

"மச்சான், ஒரே ஒரு உதவி. முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு கோச்கிட்ட சொல்லிடு."

"எனக்கு முதுகு நல்லாத்தான இருக்கு."

"அதான் தெரியுமே! சும்மா சொல்லுன்னுதான் கேக்கறேன். எனக்கு வயசு இருபத்தி நாலு. இந்த ஒரு சான்ஸ். உனக்கு இதுல என்ன வரப்போவுது?"

வெண்டல் வாரியலைச் சுவரில் சாய்த்தான். யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவன். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான், கேட்காமலே பொத்தானும் தைத்துக் கொடுப்பான்.

"இல்ல" என்றான்.

க்விண்டனுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. "என்னது?"

"இல்ல, சொல்ல மாட்டேன். உன் முட்டிக்காகத்தான்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். பாதி அதுதான். நாளைக்கு ஒரு அடி விழுந்தா நீ நடக்கவே மாட்ட. ஆனா மீதிப் பாதி, எனக்கு ஆடணும், க்வின். எனக்கே ஆடணும்."

"உனக்கு முப்பத்திரெண்டு வயசு!"

"அதனாலதான்."

க்விண்டன் காரின் பக்கம் திரும்பினான். "அக்கா வீட்டுக்காரன்னு நம்பி வந்தேன் பாரு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். ஏறுவதற்கும் நேரம் பிடித்தது. சமையலறை ஜன்னலில் நின்றிருந்த யோலாண்டா அதைச் சாத்தினாள். வெண்டல் வாரிக் குவித்திருந்த இலைகளை மறுபடியும் வாரினான்.

மறுநாள் காலை வெண்டலின் பிக்கப் வண்டியில்தான் எர்லீனையும் சேர்த்து நால்வரும் மைதானத்துக்குப் போனார்கள். மேபெரி குடும்பத்தில் சண்டை வரும், ஆனால் பெட்ரோலை வீணாக்க மாட்டார்கள். வழியில் வைப்பர் மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

நல்ல மழை. மைதானம் உழுத வயல்போலக் கிடந்தது. டன்மோரின் வேகக்காரர்கள் வழுக்கி விழுந்தார்கள். வேகமே இல்லாத வெண்டலுக்கு வழுக்க என்ன இருக்கிறது? மாலைவரை மன்னிப்புக் கேட்டுக் கேட்டு இடித்தான். அவனுக்கு முன்னால் மோஸ் என்கிற மலை மாதிரி ஆசாமி ஆட்களை விலக்கிக்கொண்டே போனான். அவனை யாரும் கவனிக்கவில்லை. மலையை யார் கவனிக்கிறார்கள்?

முடிவதற்குச் சற்று முன், ஹார்லன் கிரீக் எதிரணியின் எல்லைக் கோட்டைத் தொட ஒரே ஒரு கெஜம் பாக்கி. கடைசி முயற்சி. தொட்டால் கோப்பை, இல்லாவிட்டால் வீடு. இத்தனை வாரமும் மூணு கெஜத்துக்குத் துணி கட்டிய அந்த நன்றியுள்ள ஊர் எழுந்து நின்று ஒரே குரலில் கத்தியது: "க்வின்! க்வின்! க்வின்!"

மைதானத்து நடுவில் சேறு சொட்ட நின்ற வெண்டலுக்கு அது தெளிவாகவே கேட்டது.

கோச் டெட்மர் மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கி க்விண்டனைப் பார்த்தார். க்விண்டன் எழுந்தான். கவசத்தை எடுத்தான். ஓர் அடி வைத்தான். சேற்றையும், தன் முட்டியையும், தூரத்தில் முதுகு காட்டி நின்றவனையும் பார்த்தான். ஊர் தன் பெயரைக் கத்தும்போது க்விண்டன் மேபெரி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"ஒரு கெஜந்தான கோச்? அதுக்கு அவன்தான் சரி. எனக்கு இதுல எல்லாம் இடிக்கத் தெரியாது."

பந்து வெண்டலிடம் வந்தது. மோஸ் முன்னால் சாய்ந்தான், அவன் முதுகில் வெண்டல் சாய்ந்தான், வெண்டல்மேல் டன்மோர் முழுக்கச் சாய்ந்தது. குவியலை ஒவ்வொரு ஆளாகப் பிரித்தெடுத்தபோது அடியில் வெண்டல் கிடந்தான். மார்போடு அணைத்த பந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம்.

நன்றியுள்ள ஊர் உடனே பாட்டை மாற்றிக்கொண்டது. ஃப்ளாய்ட் பக்கத்திலிருந்தவன் சட்டையைப் பிடித்து, "நான் அப்பவே சொன்னேன்!" என்று உலுக்கினான். கனடாக்காரர் குடையைப் பிடித்தபடி இறங்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது. வெண்டல் சேற்றுக் கையைத் தொடையில் துடைத்தான். அவர் அவனைத் தாண்டிப் போய் மோஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தம்பி, உன் எடை என்ன?" என்று கேட்டார்.

வெண்டல் கொஞ்ச நேரம் துடைத்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவனோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. தோளில் கை போட்டார்கள், பந்தை இப்படிப் பிடி அப்படிப் பிடி என்றார்கள். எர்லீனும் யோலாண்டாவும் ஏற்கெனவே பிக்கப்பில் உட்கார்ந்திருந்தார்கள். க்விண்டன் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைக்கப் பார்த்தான். முட்டி மடங்கவில்லை. இன்னொரு தடவை பார்த்தான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும்முற்றும் நோக்கினான். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் வெண்டலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாரு, வெண்டல், சிரி!" என்றான் படம் எடுக்கிறவன்.

வெண்டல் பந்தை அவன் கையிலேயே திணித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். குனிந்து, சேறு அப்பிய இரண்டு கைகளையும் கோத்து, க்விண்டனின் காலுக்குக் கீழே படிபோலப் பிடித்தான்.