கதவைத் தட்டும்வரை வாசித்த இசை

கடந்த ஆண்டு மைசூரில் எங்கள் கல்லூரி ஒரு கன்னட நாடகத்தை அரங்கேற்றியது. நாடகப் பிரதியைப் பார்த்து வாத்தியக்குழுவுக்குச் சைகை காட்டும் வேலை எனக்கு வாய்த்தது. யாரிடமும் பேசாமல் செய்யக்கூடியது என்பதால் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டேன்.

நாடகத்துக்கென்றே ஓர் ஆய்வு மாணவி இசையமைத்திருந்தார்: ஆறு வயலின், இரண்டு வீணை, புல்லாங்குழல், மிருதங்கம். பல ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பும் மகள் கதவைத் தட்டியதும் இசை பாதியில் அறுந்து, அரங்கம் அமைதியாக வேண்டும். அதுதான் அவர் ஆசை.

ஒத்திகையில் இசை அறுபடவில்லை. வாசித்தவர்கள் அனைவரும் கச்சேரி பழகியவர்கள். ஒரு தாளச் சுற்றின் எட்டு அட்சரமும், அதாவது எட்டு எண்ணிக்கையும், முடிந்து, அடுத்த சுற்றின் முதல் அடியான சமத்தைத் தொடாமல் அவர்கள் கை நிற்காது.

மகளாக நடித்தவள் என் அறைத்தோழி, தமிழக எல்லையோரத்து மார்டள்ளிக்காரி. அவளுக்கு இது முதல் மேடை. பெற்றோரும் பார்க்க வரவிருந்தார்கள்.

“தட்டிப்போட்டுக் கம்முனு நிக்கறனுங்க்கா,” என்று இசையமைப்பாளரிடம் முறையிட்டாள். “இவிங்க முடிக்கறதுக்குள்ள நான் ஊருக்கே பஸ் ஏறிரலாம். பாக்கறவிங்க சிரிப்பாங்க.”

“தட்டின உடனே நிறுத்தணும் சார், அஷ்டே, அவ்வளவுதான்,” என்றார் அவர், மிருதங்கக்காரரிடம்.

“நிறுத்திடலாம்மா,” என்றார் மிருதங்கக்காரர். “சமம் வரட்டும்.”

நான் நான்கு ஒத்திகைகளில், தட்டுவதற்கு முன் அவள் பேசும் வசனத்தை விரல்விட்டு எண்ணினேன். ஒவ்வொரு முறையும் இருபத்தொரு அட்சரம். வசனத்துக்கு மூன்று அட்சரம் முன்னதாக இசையைத் தொடங்கினால் தட்டும் ஓசை சமத்தில் விழும். பிரதியில் குறித்துக்கொண்டேன், ஒத்திகையில் பிசகவில்லை.

அரங்கேற்றத்தன்று பெற்றோரைக் கண்ட பதற்றத்தில் அவள் வசனத்தை விரைந்து முடித்துவிட்டாள். சமத்துக்கு இன்னும் நான்கு அட்சரம் மீதமிருந்தது. இதற்கு என்னிடம் சைகை இல்லை. அவள் கை கதவை நோக்கி உயர்ந்தது. பின் அப்படியே நின்றது. முகத்தை மெல்ல அரங்கின் பக்கம் திருப்பினாள். முன்வரிசையில் ஒரு பெரியவர், பழக்கதோஷத்தில், தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கை சமத்தில் விழுந்தபோது இவள் தட்டினாள்.

இசை நின்றது. அரங்கில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

“தட்டறதுக்கு முன்னாடி ஒரு தயக்கம் வந்ததே, எவ்வளவு நல்லா இருந்தது,” என்றார் இசையமைப்பாளர், திரை விழுந்ததும். “யார் சொல்லிக் கொடுத்தா?”

“முன்னால உக்காந்திருந்த பெரியவரு தொடைதானுங்க்கா.”

அவர் சிரித்து முடித்து, தயக்கத்தை மறுநாள் காட்சியிலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் பென்சிலை எடுத்து, பழைய குறிப்பை அழித்துவிட்டு, மீண்டும் எண்ணத் தொடங்கினேன்.

“நீ எண்ணு, வேண்டாங்கல,” என்றாள் தோழி. “ஆனா அந்தப் பெரியவரு நாளைக்கும் வருவாரான்னு கேட்டுச் சொல்லு.”