கதவுக்கு இந்தப் பக்கம்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, மலேசியாவின் கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் அறையிலிருந்து காதர் வெறுங்காலோடு ஓடிவந்தார். வயது எழுபத்தாறு. வலது கால் சரியாக ஊன்றாது, அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். முதுகில் முடிச்சுப் போடுகிற பச்சைச் சட்டை பாதி அவிழ்ந்து தொங்கியது. ஸ்கேன் எடுக்கும் பெண் தாமரை, "அங்கிள், மெதுவா லா! விழுந்துடப் போறீங்க!" என்று பின்னாலேயே வந்தாள்.

மகள் நுஸைபா அப்போது கேண்டீனுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் காதர் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானை மட்டும் போட முடியாமல், வரிசை நாற்காலியில் ஒன்றும் நடக்காதவர்போல உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் ரிப்பேராம்மா. வேற நாள் வரச் சொல்லிட்டாங்க."

நுஸைபா நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவள் வாப்பா பயந்து ஓடுவார் என்று அவர் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் யாரிடம் போய்ச் சொன்னாலும் சிரிப்பார்கள். அங்கே அவருக்குப் பெயரே கேப்டன். உண்மையில் அவர் நீர்மூழ்கிக் கப்பலில் கேப்டனும் இல்லை, கேப்டனுக்குத் தேநீர் கொண்டுபோன ஆளும் இல்லை. இயந்திர அறையில் எண்ணெய்க் கறையோடு கிடந்த மெக்கானிக். ஆனால் எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் போரில் கடலுக்கு அடியில் இருந்தவர் என்பது மட்டும் சத்தியம். கீழக்கரையிலிருந்து போய்க் கடற்படையில் சேர்ந்து, ஒன்பது வருஷம் இருந்து, விட்டுவிட்டு, மச்சானின் துணிக்கடைக்குக் கைத்துணையாக மலேசியா வந்தவர். சாயங்காலம் தே தாரிக் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, எதிரிக் கப்பல் தலைக்கு மேலே போனதைக் கதையாகச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கதையில் அவர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அதை மனைவிக்கும் சொன்னதில்லை; அந்த அம்மாள் மௌத்தாகிக் கண்மூடி ஆறு வருஷமாகிறது.

கேப்டனை உற்றுப் பார்த்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருக்கலாம். நான்காவது மாடி வீட்டுக்கு மனுஷர் லிஃப்டில் ஏறியதே கிடையாது. உடற்பயிற்சி என்பார். பள்ளிவாசலில் கதவோரத் தூணைவிட்டு உள்ளே போகமாட்டார். வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே வேண்டாம் என்று கழற்றிப் போட்டுவிட்டு, குளிக்கும்போதெல்லாம் பாட்டுப் பாடுவார். குரல் நன்றாக இருக்காது. வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தச் சால்ஜாப்பெல்லாம் எடுபடாத இடத்தில் மாட்டிக்கொண்டார். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது. வலது கை விரல்கள் மரத்துப் போய் மூன்று மாதமாகிறது, இப்போது காலும் இழுக்கிறது. டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்: ஸ்கேன் படம் இல்லாமல் கழுத்தில் கத்தி வைக்கமாட்டேன், இன்னும் இரண்டு மாதம் போட்டுவைத்தால் பிறகு எழுந்து நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில் ஒரு கட்டிலும், எடுத்துப் போட ஓர் ஆளும் என்றாகிவிடும். அந்தப் படுக்கைக்குக் காதர் பயந்தார். ஆளை உள்ளே தள்ளும் அந்த ஸ்கேன் குழாய்க்கு அதைவிட அதிகமாகப் பயந்தார்.

குழாய்கூடப் பெரிதில்லை. கப்பலில் அதைவிடக் குறுகலான படுக்கையில் தூங்கியிருக்கிறார். அவரை ஓடவைத்தது சத்தம். உள்ளே தள்ளி ஒரு நிமிஷம் ஆனதும் மெஷின் தட்ட ஆரம்பித்தது. டக், டக், டக். சற்று நிறுத்தி, மறுபடியும் டக், டக், டக். இரும்பைத் தட்டுகிற சத்தம். காதருக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. முடியாவிட்டால் அமுக்குங்கள் என்று தாமரை கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். வீராப்பில் கை மரத்துப்போனதைச் சொல்லாமல் அதை வலது கையில் வாங்கியிருந்தார். அமுக்கினார், அமுக்கினார், விரல் மடங்கவே இல்லை. கத்தினார், தட்டுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவர் கால் உதறுவதைக் கண்ணாடி வழியே பார்த்துத்தான் தாமரை ஓடிவந்து வெளியே இழுத்தாள்.

மெஷின் ரிப்பேர் என்ற புளுகு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. வியாழக்கிழமைக்கு நேரம் கொடுக்க மருத்துவமனையிலிருந்து நுஸைபாவுக்கே போன் வந்தது. அங்கிள் ரொம்பப் பயந்துட்டாரு, இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருங்க என்றார்களாம். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாழன் காலை பிரிக்பீல்ட்ஸ் வந்து, நான்கு மாடி அவரோடு படியிலேயே இறங்கி, காரில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தாள். வழிநெடுக அவர் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்.

பச்சைச் சட்டையை மாட்டிக் காத்திருந்தார். நுஸைபா அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, கடலுக்கு அடியில குண்டு போட்டப்பவே பயப்படாதவங்க நீங்க. இது இருபத்தஞ்சு நிமிஷம்தானே?"

"யாரு சொன்னா பயப்படலன்னு?"

"நீங்கதானே சொன்னீங்க."

அந்த நேரம் பார்த்து காதரின் மடியிலிருந்த போன் 'டிங்' என்றது. ரோஜாப்பூப் படம், கீழே 'இனிய காலை வணக்கம்'. நாகர்கோவிலிலிருந்து சுகுமாறன். ஒருநாள் தவறாமல் அனுப்புகிற மனுஷன். நோன்புப் பெருநாளுக்குப் பிறை படம், நுஸைபா கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை. கப்பலில் கூட இருந்த சிநேகிதர் என்று நுஸைபாவுக்குத் தெரியும். அந்தப் பூவைப் பார்த்ததும் வாப்பாவின் கண் கலங்கியதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

"இவன்தான்மா தட்டினான்," என்றார் காதர்.

பிறகு மகளின் முகத்தைப் பார்க்காமல், தரையிடம் சொல்வதுபோலச் சொன்னார். டிசம்பர் மாதம். மேலே எதிரிக் கப்பல் குண்டு போட்டபடி சுற்றுகிறது. ஒரு வெடி பக்கத்தில் விழுந்து, கப்பலின் முன்னறையில் குழாய் ஒன்று உடைந்து தண்ணீர் பீறிட்டது. எந்த அறையில் தண்ணீர் வந்தாலும் இரும்புக் கதவை இழுத்து மூடிவிட வேண்டும், மேலிடம் சொல்லாமல் திறக்கக் கூடாது. அதுதான் விதி. அப்போது உள்ளே இருந்தவன் சுகுமாறன் ஒருத்தன். கதவுக்கு இந்தப் பக்கம் காவல் நின்றது காதர். விளக்கில்லை, விசிறியில்லை, மூச்சைக்கூட மெதுவாக விடச் சொல்லி உத்தரவு.

உள்ளே அடைபட்டவன் மூன்று தட்டுத் தட்டுவான். யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். வெளியே நிற்பவன் இரண்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். கைமுட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு மெல்லத் தட்டினால் அந்தச் சத்தம் கப்பலைத் தாண்டிப் போகாது என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நாப்பது நிமிஷம் தட்டினான்மா. மூணு, மூணா. நான் ஒரு தட்டுக்கூடப் பதில் தட்டல. மேல இருக்கவனுக்குக் கேட்டுருமோ, எல்லாரும் செத்துருவோமோன்னு கையைக் கக்கத்துல வச்சிக்கிட்டு நின்னேன். கதவுல நெத்திய முட்டிக்கிட்டு ஓதிக்கிட்டே நின்னேன்."

"திறக்கக் கூடாதுன்னு உத்தரவுதானே வாப்பா."

"தெறக்கக் கூடாதுங்கிறது உத்தரவு. தட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலம்மா. அது என் பயம்."

எதிரிக் கப்பல் விலகிப் போனபின் கதவைத் திறந்தார்கள். நெஞ்சளவு தண்ணீரில் சுகுமாறன் உயிரோடு நின்றான். வெளியே வந்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி: "காதரு, நீ எங்கடா இருந்த?" இயந்திர அறைக்குக் கூப்பிட்டார்கள், நான் அங்கே போய்விட்டேன் என்று காதர் கூசாமல் சொன்னார். சுகுமாறன் தலையாட்டிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்தப் பொய்யின் மேல்தான் ஐம்பத்து நான்கு வருஷச் சிநேகிதம் நடந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை அந்த மெஷினுக்குள் படுத்ததும், இப்போது கதவுக்கு அந்தப் பக்கம், சுகுமாறன் இருந்த இடத்தில் நிற்பது தானென்று காதருக்குத் தெரிந்துவிட்டது.

மகள் கையை விட்டுவிடுவாள் என்று காதர் காத்திருந்தார். அவள் விடவில்லை. மறுகையால் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அவங்களுக்கே பேசுங்க வாப்பா."

"பைத்தியமா உனக்கு? இந்த வயசுல அவன் தாங்குவானா?"

"சொல்லாம வச்சிருந்து நீங்கதான் தாங்கலையே."

உள்ளேயிருந்து தாமரை எட்டிப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் அங்கிள்," என்றுவிட்டுப் போனாள். காதர் இடது கைப் பெருவிரலால் பெயரை அழுத்தினார். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தார். மூன்றாவது மணியிலேயே சுகுமாறன் எடுத்துவிட்டார்.

"என்னடா அதிசயம்! பூ அனுப்பினா கூப்பிட மாட்டியே நீ!"

"சுகுமாறா." குரல் உடைந்தது. "நான் எஞ்சின் ரூமுக்குப் போகலடா. கதவுகிட்டதான் நின்னேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு காக்கை கத்தியது மட்டும் கேட்டது. காதர் கண்ணை மூடிக்கொண்டார். போன் வைக்கப்படும் சத்தத்தை எதிர்பார்த்தார்.

"தெரியும்டா," என்றார் சுகுமாறன்.

"என்ன?"

"நீ தலைய வச்சு ஓதிக்கிட்டு நின்னியே. இரும்பு வழியா காதுல விழாதா? காதரு நிக்கான்னு தெரிஞ்சுதான் தட்டினேன். நீ திரும்பத் தட்டல. வெளிய வந்து கேட்டா, நீ அங்க இல்லன்னுட்ட. சரி, அவனா ஒருநாள் சொல்லட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏன்டா தட்டல?"

"பயம்டா."

"வேற ஒண்ணுமில்லையா?"

"வேற ஒண்ணுமில்ல."

நான் மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சுகுமாறன் சொல்லவில்லை. "இப்ப எங்கடா இருக்க? குரலே சரியில்ல," என்று கேட்டார். நுஸைபா போனை வாங்கி ஆஸ்பத்திரி, கழுத்து, குழாய், தட்டுகிற சத்தம் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஏதோ சொன்னார். அவள் சரிங்க மாமா, சரிங்க மாமா என்று இரண்டு தடவை சொன்னாள்.

இந்தத் தடவை காதர் வெட்கப்படாமல், "வலது கை வேலை செய்யாதும்மா," என்று தாமரையிடம் சொல்லிப் பந்தை இடது கையில் வாங்கிக்கொண்டார். பலகை உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. பயம் ஒன்றும் போய்விடவில்லை. மெஷின் தட்ட ஆரம்பித்ததும் அதே சில்லிப்பு. டக், டக், டக். பதில் தட்ட விரல் துடித்தது. ஆடினால் படம் கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். நூறு வரை எண்ணினார், இருநூறு வரை எண்ணினார். தட்டுவது நின்றது. ஆனால் யாரும் பேசவில்லை. அன்று இருட்டில் நின்ற சுகுமாறனுக்கு ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தபோது அவரால் தாங்க முடியவில்லை. பந்தை அமுக்கிவிட்டார்.

உடனே ஒலிபெருக்கி கரகரத்தது.

"இருக்கேன் அங்கிள், இங்கதான் இருக்கேன்," என்றாள் தாமரை. "வெளிய எடுக்கவா?"

காதர் மூச்சை இழுத்து விட்டார். "இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"பாதி முடிஞ்சிருச்சு அங்கிள். ஒங்க மகள் வாசல்ல போனோட நிக்கிறாங்க. அந்த நாகர்கோவில் அங்கிள் இன்னும் லைன்லதான் இருக்காராம். நீங்க வெளிய வர்ற வரைக்கும் வைக்கமாட்டாராம்."

குழாய்க்குள் காதரின் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது.

"சரிம்மா, மெஷினைத் தட்டச் சொல்லு," என்றார்.