தேயிலைச் செடியில் நான் அடித்த தண்ணீர்

"பார்த்ததை மட்டும் எழுதினா ஒரு பக்கம்கூட வராதே டீச்சர்?" ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள். ஏதோ பதில் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை. ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இப்போது எனக்கு ஒரே பொழுதுபோக்கு, சிலந்தி பார்ப்பது. செடியின் முன்னால் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். செலவில்லாதது, சத்தமில்லாதது. அக்கம்பக்கத்தார் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். அது பழகிவிடும்.

போன செப்டம்பர் கடைசியில் நான்கு நாள் நீலகிரிக்குப் போனேன். தேயிலைச் செடியின் தலைப்பரப்பில் ஒருவகைச் சிலந்தி சமுக்காளம் விரித்த மாதிரி வலை பின்னும். வலையின் ஒரு ஓரம் புனல் போலக் குறுகிச் செடிக்குள் இறங்கும். ஆள் அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்திருக்கும். மூடுபனி விழுந்த காலையில் தோட்டம் முழுக்க இந்த வலைகள் வெள்ளைவெள்ளையாகத் தெரியும் என்று ஒரு தோழி சொன்னாள். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஒன்பதரைக்குப் பேருந்து ஏறினேன். குன்னூருக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒன்றரை மணி நேரம். வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குன்னூரிலிருந்து அருவங்காடு போய், அங்கே ஜெகதளா வண்டிக்கு மாறினேன். இந்த உள்ளூர்ச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நேரத்தை நம்பாதீர்கள். எனக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

அருவங்காட்டில் வண்டி மாறும்போதே சந்தேகப் பார்வை ஆரம்பித்துவிட்டது. சாலையோரப் புதரில் ஒரு வலை கண்ணில் பட, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன். ராணுவத் தளவாடத் தொழிற்சாலை இருக்கிற ஊர் அது என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. காய்கறிப் பையோடு வந்த ஒரு பெரியவர் நின்றார்.

"ஏனுங்கம்மா, என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, சிலந்தி பாக்கறேன்."

"சிலந்தியா?" அவர் என் பையை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு இத்தனை தூரம் வரணுமா? எங்க ஊட்டுக்கு வாங்க, மூலைக்கு மூலை தொங்குது." சிரித்தாரே தவிர, பேருந்து வந்து நான் ஏறும்வரை நகரவில்லை.

ஜெகதளாவை ஒட்டி ருக்மணியம்மா வீட்டில் அறை எடுத்திருந்தேன். நாளுக்குத் தொள்ளாயிரம், இரவுச் சாப்பாடு சேர்த்து. ஐம்பது வயதுக்காரர், கணவர் இல்லை. வீட்டில் படுக மொழி, என்னிடம் தமிழ். வீட்டுக்குக் கீழே சரிவில் அவருடைய தேயிலை, முக்கால் ஏக்கர். பூச்சிமருந்தே அடிக்காத இலையை மட்டும் வாங்குகிற ஒரு தொழிற்சாலைக்கு அவர் இலை போகிறது. மூன்று வருடம் மருந்தில்லாமல் நடத்திக் காட்டிய பிறகுதான் சேர்த்துக்கொண்டார்களாம். ஒருமுறை மருந்து என்று தெரிந்தால் திரும்ப முதலிலிருந்து மூன்று வருடம். முதல் நாள் இரவு ரசம் ஊற்றிக்கொண்டே இதைச் சொன்னார். நான் தலையாட்டினேன். காதில் வாங்கினேனே ஒழிய, மனதில் ஏற்றவில்லை.

இரண்டாம் நாள் காலை நல்ல மூடுபனி. தோழி சொன்னது உண்மை. மூன்றாம் நாள் வானம் பளிச்சென்று இருந்தது, வலை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்கென்றே நான் ஒரு தெளிப்பான் வைத்திருக்கிறேன். முடிதிருத்தும் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அதே பாட்டில், நீல நிறம். குழாய்த் தண்ணீரை மென்மையாக அடித்தால் வலை இழை இழையாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு ருக்மணியம்மாவின் செடிகளில் வரிசையாக அடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். மேலே சாலையில் ஒரு பிக்கப் வண்டி நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை மூன்று மணிக்கு இலை ஏஜென்ட் வந்தார். சிறு விவசாயிகளிடம் பச்சை இலையை எடை போட்டு வாங்கித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறவர். பெயர் சிவலிங்கம். ருக்மணியம்மாவும் இரண்டு பெண்களும் பகலெல்லாம் பறித்த இலை இரண்டு மூட்டை, சாலை ஓரத்தில் இருந்தது. அவர் மூட்டையைத் தொடவில்லை.

"இன்னைக்கு உங்க இலை வேண்டாமுங்கக்கா."

"ஏனுங்க?"

"காலையில மருந்து அடிச்சீங்கல்ல."

"ஆரு அடிச்சா? ஏம்ப்பா, கனா கண்டியா?"

"கனாவுல இல்லீங்க, ரோட்டுல நின்னு பாத்தேன்." என்னை நோக்கித் தாடையை நீட்டினார். "அந்தா, அவங்கதான்."

ருக்மணியம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் எனக்குக் காபி கொடுத்த கண் அல்ல அது. "டீச்சர், என் செடியில என்னங்க அடிச்சீங்க?"

"தண்ணிங்க. வெறும் தண்ணி." ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்து, மூடியைத் திருகி, மிச்சமிருந்ததைக் குடித்தும் காட்டினேன்.

சிவலிங்கம் அசையவில்லை. "குடிச்சுக் காட்டறவங்களையும் பாத்தாச்சுங்க. ஊத்திட்டு வேற ஊத்திக்க எவ்வளவு நேரமாகும்?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆள் விலையைக் குறைக்கத்தான் கதை கட்டுகிறார் என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு வேறு வழி தெரியாது, கேள்விதான். "நீங்க காலையில என்ன பாத்தீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க."

"குனிஞ்சீங்க. நீலப் பாட்டில எடுத்தீங்க. செடி மேல அடிச்சீங்க. கண்ணாடி வெச்சுப் பாத்தீங்க. அடுத்த செடிக்குப் போனீங்க."

ஒரு சொல்கூடத் தவறில்லை. "அதுல மருந்து எங்கிங்க இருக்கு?"

அவர், "தண்ணி மட்டும் எங்கிங்க இருக்கு?" என்றார்.

நியாயம்தான். மூன்று பேரும் சரிவில் இறங்கினோம். காலையில் நான் தண்ணீர் அடித்த செடிகளில் வலை இருந்தது. ஆள் இல்லை. ருக்மணியம்மா தலையில் கை வைத்தார். "செத்துப் போச்சுங்களா?"

"நாம தடதடன்னு வந்தோம்ல, உள்ள போயிருச்சு. அசையாம நில்லுங்க."

நின்றோம். கால் மாற்றாமல், பேசாமல். ஐந்து நிமிடம் போனது. சிவலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெயிலில் இலை மூட்டை சூடேறிக்கொண்டிருந்தது. சூடேறிய இலையை எந்தத் தொழிற்சாலையும் வாங்காது. என் கோபமெல்லாம் எங்கோ போய், இந்த அம்மாவின் மூன்று வருடத்தை நான் ஒரு பொழுதுபோக்குக்காகக் கெடுத்துவிட்டேனோ என்ற பயம்தான் மிச்சம். பொந்தின் வாயில் முதலில் ஒரு கால் தெரிந்தது. இழையைத் தொட்டுப் பார்த்தது. எங்களை அது நம்பவில்லை. மறுபடி உள்ளே. அப்புறம் இரண்டு கால். கடைசியில் முழு உடம்பும் வலையின் நடுவுக்கு வந்து நின்றது. பக்கத்துச் செடியில் இன்னொன்று.

"மருந்து அடிச்சா பொழுதுக்குள்ள காலி ஆயிருமுங்க," என்றார் ருக்மணியம்மா மெதுவாக.

சிவலிங்கம் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன். "சார், இங்க தங்கியிருக்கற அம்மா ஒருத்தங்க செடியில எதையோ தெளிச்சாங்க, நான் பாத்தேன். தண்ணின்னு அவங்க சொல்றாங்க. செடியில சிலந்தி உசுரோட இருக்குது, அதையும் பாத்தேன்." வேறெதுவும் சேர்க்கவில்லை. தான் கண்டது, பிறர் சொன்னது, மறுபடி தான் கண்டது. ஒவ்வொன்றும் தனித்தனி வாக்கியம்.

ஆனாலும் உடனே சரியாகிவிடவில்லை. இரண்டு மூட்டையையும் தனியாக எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது, முடிவு வரும்வரை ருக்மணியம்மாவின் இலையை நிறுத்தி வைப்பது என்று பதில் வந்தது. அன்று இரவே என் தெளிப்பான் சமையலறைப் பரணுக்குப் போய்விட்டது. "போறப்ப தர்றேனுங்க," என்றார் ருக்மணியம்மா. மறுநாள் பேருந்து நிறுத்தத்தில்தான் கைக்கு வந்தது.

ஒன்பது நாள் கழித்து ருக்மணியம்மாவிடமிருந்து போன் வந்தது. அதுவரை அவர் இலை குறைந்த விலைக்கு வேறிடம் போயிருக்கிறது. "ஒண்ணும் இல்லையாமுங்க டீச்சர். நாளையிலருந்து எடுத்துக்கறாங்களாம்." எனக்கு மூச்சு வந்தது. "அடுத்தவாட்டி வந்தா அந்தப் பாட்டில கொண்டாராதீங்க. நானே வாயில தண்ணி வெச்சு ஊதி உடறேன்."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தோட்டம் யாருடையதானாலும் கேட்டுவிட்டு இறங்குங்கள். பையில் எந்தத் தெளிப்பானும் வேண்டாம். மூடுபனி இல்லாவிட்டால் அன்றைக்கு வலை இல்லை என்று விட்டுவிடுங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் பார்ப்பது நல்லது. காலில் ஏறும் அட்டைக்கு உப்புத்தூள் போதும்.

இந்தக் கட்டுரையை முதலில் எழுதியபோது, "விலையைக் குறைப்பதற்காக ஏஜென்ட் பழி சுமத்தினார்" என்று ஒரு வரி இருந்தது. கட்டுரைக்கு அந்த வரி நல்ல சூடு கொடுத்தது. ஆனால் அன்று அவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூட்டையைத் தொடவில்லை, அதுதான் நான் பார்த்தது. அவர் பாட்டிலைப் பார்த்து மருந்து என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்து மோசடி என்றேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். சந்தேகப்படுவது எழுதுகிறவர்களுக்கு நல்ல பழக்கம்தான், முதலில் நம் வாக்கியத்தின் மேல் படவேண்டும்.

நாளைக் காலை ஏதாவது ஒரு செடியின் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பார்த்ததை ஐந்து வரி எழுதுங்கள். பிறகு, கண்ணால் காணாத வரியை அடித்துவிடுங்கள்.