நிமிர்ந்து நின்ற மூன்று பெட்டிகள்

பிறப்பு: 1949, பிப்ரவரி 11. பணியில் சேர்ந்தது: 1974, ஜூன் 3, தொலைக்காட்சி நிலையத்தின் நாடா நூலகத்தில், உதவியாளராக. பணி ஓய்வு: 2007, பிப்ரவரி 28, அதே நூலகத்தில், கண்காணிப்பாளராக. பணிப்பதிவேட்டில் அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. நிலையத்தில் அதைச் சொல்லி அவரை அழைத்தவர் எவரும் இல்லை. காவலாளி முதல் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் பெட்டியக்கா.

இனி படத்தின் விவரம். தலைப்பு: ‘கணக்கெடுக்க வந்தவர்கள்’. நிலையத்தின் சொந்தத் தயாரிப்பு. நீளம் 84 நிமிடம், மூன்று நாடாக்கள். ஒளிபரப்பானது 1985, மார்ச் 9, சனிக்கிழமை மாலை. வேற்றுக்கிரகத்தார் பூமியைப் பிடிக்க வருகிறார்கள். ஆயுதம் எதுவும் கொண்டுவருவதில்லை. சாம்பல் நிற மேலங்கியும் தடித்த பேரேடும் மட்டுமே அவர்களிடம் உண்டு. நாற்காலி, மரம், மனிதர் என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதுகிறார்கள். எழுதப்பட்ட பொருள் அந்தக் கணமே அவர்களுடையதாகிவிடுகிறது. செலவைக் குறைக்க நிலையத்தின் நடைவழிகளிலேயே படம்பிடித்தார்கள். நடிகர்களின் பற்றாக்குறையை ஊழியர்களைக் கொண்டு நிரப்பினார்கள். பெட்டியக்கா நான்கு காட்சிகளில் சாம்பல் மேலங்கியுடன் வந்து, முகத்தில் சலனமே இல்லாமல் நாற்காலிகளை எண்ணினார். “மேக்கப்பே வேணாம், அக்கா மூஞ்சி தினமும் இப்படித்தான் இருக்கும்” என்று இயக்குநரே பாராட்டினார்.

படத்துக்கு நல்ல பேர் கிடைக்கவில்லை. பறக்கும் தட்டாக வந்தது அலுமினியத் தாள் சுற்றிய கழிவறைக் கதவு என்பது சிறுவர்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மறு ஒளிபரப்புக் கேட்டு அறுபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. ஏப்ரல் 20 என்று நாள் குறிக்கப்பட்டது.

நூலகத்தின் நடைமுறையை இங்கே சொல்லிவிட வேண்டும். நாடா வெளியே போகும்போது அதன் பெட்டி போவதில்லை. பெட்டி அலமாரியிலேயே தலைகீழாக வைக்கப்படும். நாடா திரும்பி வந்ததும் உள்ளே வைத்து, பெட்டியை நிமிர்த்துவார்கள். நிமிர்ந்த பெட்டிக்குள் நாடா உண்டு. கவிழ்ந்த பெட்டி காலி. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பெட்டியக்காதான். பட்டப்பெயரும் அதனால் வந்ததே. நாடாவை எடுப்பவர் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும், திருப்பித் தரும்போது இன்னொரு கையெழுத்தும் போட வேண்டும்.

ஏப்ரல் 18 அன்று காலை, மறு ஒளிபரப்புக்காக அந்த மூன்று பெட்டிகளை அவர் எடுத்தார். மூன்றும் நிமிர்ந்து நின்றன. கையில் எடுத்த உடனே எடை தெரிந்துவிட்டது. மூன்றும் காலி.

கடைசியாக அந்த நாடாக்களை எடுத்தவர் படத்தொகுப்பாளர். கத்தரிக்கோலைத் தொடாமலே வேலை செய்யும் அவருக்குக் கத்திரி என்று பெயர். மார்ச் 26 அன்று முன்னோட்டம் வெட்டுவதற்காக எடுத்திருந்தார். திருப்பித் தந்ததற்கான கையெழுத்தும் இருந்தது.

“நாடா எங்க தம்பி?” என்று பெட்டியக்கா கேட்டார்.

“என்னைக் கேட்டா? பெட்டி நிமிர்ந்துதானே நிக்குது? உங்க சட்டம்தானே அக்கா? ‘மனுஷன் பொய் சொல்வான், பெட்டி சொல்லாது’ன்னு பத்து வருஷமா நீங்கதானே பாடறீங்க?”

“நீ கொண்டுவந்து குடுத்தியா, அதைச் சொல்லு.”

“கையெழுத்து இருக்குல்ல?” என்றார் கத்திரி. பிறகு குரலைத் தாழ்த்தி, “கோவிச்சுக்காதீங்க. நீங்க நடிச்ச படம். வீட்டுல வச்சுப் பாக்கணும்னு ஆசை இருக்காதா?” என்றார்.

அவர் சொன்னது பிற்பகலுக்குள் நிலையம் முழுவதும் பரவியது. நிலையத் தலைவர் பெட்டியக்காவை அழைத்தார்.

“பதிவேடு சரியா இருக்கு. பெட்டியும் சரியா இருந்திருக்கு. அப்போ நாடா நூலகத்துக்கு உள்ளே இருந்துதான் போயிருக்கு. சாவி யாருகிட்ட?”

“என்கிட்டதான் சார்.”

“ஏப்ரல் முப்பது வரைக்கும் பாருங்க. கிடைக்கலைன்னா போலீசுக்கு எழுத வேண்டியதுதான். அதுக்கப்புறம் உங்க வேலை என் கையில இல்ல.”

அன்றிலிருந்து பெட்டியக்கா கத்திரியைக் கண்காணிக்கத் தொடங்கினார். ஒரு சிறு குறிப்பேட்டில் அவர் எழுதியவை இன்றும் உள்ளன. ‘19, வெள்ளி: 4.10க்கு வந்தான். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் போனான். 20, சனி: புதுச் சட்டை. 22, திங்கள்: பெரிய பை. உள்ளே என்ன?’ பைக்குள் இருந்தது கத்திரியின் அம்மாவுக்கான மருந்துப் புட்டிகள் என்பது பிறகு தெரிந்தது. மார்ச் 27 முதல் ஏப்ரல் 2 வரை அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக அவர் விடுப்பில் இருந்தார். அந்த விடுப்பும் குறிப்பேட்டில் இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டுள்ளது.

கத்திரி படத்தை வெளியே விற்றிருக்கலாம் என்று எண்ணி, தெருமுனையில் இருந்த வீடியோ கடைக்கும் பெட்டியக்கா சென்றார்.

“வேற்றுக்கிரகம், கணக்கு எடுக்கிற படம். வந்திருக்கா?”

“கணக்கா? பாடமா?” என்றார் கடைக்காரர்.

“படம்.”

“சண்டை இருக்கா?”

“இல்ல. எண்ணுவாங்க.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அம்மா, அதை யாராவது திருடினா போலீசுக்குப் போகாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

நிலையத்தில் கேலி வேறு வடிவம் எடுத்தது. ஒளிப்பதிவு உதவியாளர்கள் அவரைக் கண்டதும் நாற்காலிகளை மறைத்தனர். “எண்ணிடாதீங்க அக்கா, போயிடும்!” முதல் இரண்டு நாள் அவரும் சிரித்தார். மூன்றாம் நாள், அவர் உள்ளே நுழைந்ததும் ஒப்பனை அறையில் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை. அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அவருடைய கணவர் அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். படம் ஒளிபரப்பான வாரத்தில், “நிஜமாச் சொல்லு, நீ என் பொண்டாட்டிதானா, இல்ல கணக்கெடுக்க வந்தவளா?” என்று தினமும் கேட்டு மகளைச் சிரிக்கவைத்தவர். ஏப்ரல் 23 அன்று வேறொன்று கேட்டார்.

“இங்க பாரு. தெரியாம எடுத்துட்டு வந்திருந்தா சொல்லிடு. நான் கொண்டுபோய் எங்கயாவது வச்சிட்டு வந்துடறேன்.”

“நீங்களுமா?”

“கேக்கக் கூடாதா?”

“கேட்டாச்சுல்ல.”

மறுநாள் காலை, துணி அலமாரியின் அடித்தட்டு கலைந்திருந்ததைப் பெட்டியக்கா பார்த்தார். துணிகளை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அன்று அவர் கத்திரியைப் பற்றிய குறிப்பேட்டைத் திறக்கவில்லை. நூலகத்தின் மூன்று பதிவேடுகளையும் மேசைமேல் விரித்துவைத்து, மார்ச் 26 முதல் வரிவரியாக ஒப்பிட்டார். முதல் பதிவேடு நாடா வழங்கியதற்கு; இரண்டாவது வெற்று நாடா இருப்புக்கு; மூன்றாவது புதிதாகப் பதிவாகி வந்த நிகழ்ச்சிகளுக்கு. பிற்பகல் மூன்று மணியளவில் ஓர் இடத்தில் விரல் நின்றது. ஏப்ரல் 2 அன்று குழந்தைகள் வினாடி வினா மூன்று பகுதிகள் புதிதாக வந்து சேர்ந்திருந்தன. அந்த வாரத்தில் படத்தொகுப்பு அறைக்கு ஒரு வெற்று நாடாகூட வழங்கப்பட்டிருக்கவில்லை.

அப்படியானால் வினாடி வினா எதன்மேல் பதிவானது?

அவர் எழுந்து போய் அந்த மூன்று நாடாக்களையும் எடுத்துவந்தார். மூன்றிலும் அவரே எழுதி ஒட்டிய எண்சீட்டுகள். அழித்துப் பயன்படுத்தும் நாடாக்களில் பழைய சீட்டைக் கிழிக்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டுவதுதான் வழக்கம். கீழே என்ன எண் இருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. முதல் நாடாவின் சீட்டை அவர் நகத்தால் மெல்லப் பெயர்த்தார். கீழே இருந்தது படத்தின் எண். அதுவும் அவருடைய கையெழுத்தில்.

நடந்ததை இனி அடுக்கிப் பார்ப்பது கடினமாக இல்லை. கத்திரி விடுப்பில் போன ஏழு நாளும் வேறு நிலையத்திலிருந்து வந்த ஒருவர் அவருடைய இருக்கையில் வேலை செய்தார். படத்தொகுப்பு அறையில் பெட்டியில்லாமல் கிடக்கும் நாடா வெற்று நாடா என்பது வந்தவருடைய நிலையத்தின் பழக்கம். மூன்று நாடாக்கள் பெட்டியில்லாமல் இருந்தன; எடுத்துப் பதிவுசெய்துவிட்டார். திரும்பி வந்த கத்திரி, நாடாக்களைக் காணாததால் வந்தவர் நூலகத்தில் சேர்த்துவிட்டார் என்று நினைத்தார். பெட்டிகளும் நிமிர்ந்து நின்றன.

பெட்டிகளை நிமிர்த்தியது யார் என்பதுதான் மிச்சம். அதற்கும் விடை பெட்டியக்காவிடமே இருந்தது. மார்ச் 28 அன்று தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். அலமாரி ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று தலைவர் சொன்னதால், 27 அன்று கவிழ்ந்திருந்த பெட்டிகளையெல்லாம் அவரே நிமிர்த்தினார். ஆய்வு முடிந்ததும் பதிவேட்டைப் பார்த்து, திரும்பாத நாடாக்களின் பெட்டிகளை மீண்டும் கவிழ்த்தார். கத்திரியின் மூன்றும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஏனென்றால் அவை திரும்பியதாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்து நாடாவை எடுத்த நேரத்திலேயே போடப்பட்டது.

கத்திரிக்கு மாலைப் பணி. நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டப்படும். வேலை முடிந்ததும் நாடாவை வாசலில் உள்ள பூட்டிய பெட்டகத்தின் திறப்பு வழியே போட்டுவிட்டுப் போவார். கையெழுத்துப் போட ஆள் இருக்காது. ஆகவே எடுக்கும்போதே இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடுமாறு சொன்னவர் பெட்டியக்கா. அவருக்கு மட்டும் தந்த சலுகை அது. பெட்டி கவிழ்ந்திருக்கும்வரை தவறு வராது என்று நம்பினார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு மூன்று நாடாக்களுடன் அவர் படத்தொகுப்பு அறைக்குப் போனார். கத்திரி எழுந்து நின்றார்.

“சோதனை போட வந்தீங்களா?”

“இதைப் போடு தம்பி. கடைசிக்கு ஓட்டு.”

திரையில் ஒரு சிறுமி விடை சொன்னாள், கைதட்டல், நிகழ்ச்சி முடிந்தது. ஒரு விநாடி வெள்ளைப் புள்ளிகள் துடித்தன. பிறகு நிலையத்தின் நடைவழி, சாம்பல் மேலங்கி, பேரேடு. பெட்டியக்கா நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஐயோ,” என்றார் கத்திரி. நாற்காலியில் உட்கார்ந்தார். “இது மேலயா போட்டான் அந்த ஆளு?”

“ஆமா. நானே சீட்டும் ஒட்டிட்டேன்.”

கத்திரி நாடாவை நிறுத்தினார். பிறகு, “அக்கா, அந்தக் கையெழுத்து?” என்றார்.

இருவருக்கும் தெரியும். பதிவேட்டைத் தனியாக எடுத்துக்கொண்டால், கொடுக்காத நாடாவைக் கொடுத்ததாகக் கத்திரி பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை மட்டும் தலைவரிடம் காட்டினால் போதும். பெட்டியக்கா மேல் பழியே இராது. கத்திரிக்கு வேலை இராது.

“‘நான்தான் போடச் சொன்னேன்’னு நீங்க சொன்னாத்தான் எனக்கு வேலை உண்டு,” என்றார் கத்திரி. “உங்களைப் பத்தி நான் ஊரெல்லாம் பேசினேன். சொல்லுவீங்களா?”

“நானும் உன்னைப் பத்தி ஒரு நோட்டுப் போட்டேன். புதுச் சட்டையைக்கூட விடல.”

“அது என் தங்கச்சி எடுத்துக் குடுத்தது!”

“இப்போ தெரியுது.”

ஏப்ரல் 26 அன்று பெட்டியக்கா தலைவரிடம் ஆறு பக்க வாக்குமூலம் கொடுத்தார். மாலைப் பணி தொடங்கிய நாள்முதல் தம் அனுமதியுடன் கத்திரி முன்கூட்டியே போட்ட கையெழுத்துகள் அனைத்தும் நாள்வாரியாக அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. மொத்தம் 312. தலைவர் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

“மூணே மூணு பத்தித்தானே கேட்டேன்? இது எல்லாத்தையும் நீங்களே ஏன் எழுதிக் குடுத்தீங்க?”

“மூணு மட்டும் எழுதினா நம்புவீங்களா சார்?”

தலைவர் வாக்குமூலத்தைக் கோப்பில் வைத்தார். காவல்துறைக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

மே 6 தேதியிட்ட ஆணைப்படி பெட்டியக்காவுக்கு எழுத்துமூலக் கண்டனம் வழங்கப்பட்டது; பதவி உயர்வு மூன்றாண்டு தள்ளிப்போனது. கத்திரிக்கு எச்சரிக்கை. கணவர் அந்த ஆணையின் நகலை இருமுறை படித்துவிட்டு, துணி அலமாரியின் அடித்தட்டை முதல்முறையாகத் தாமே அடுக்கினார்.

படம் மறு ஒளிபரப்பாகவில்லை. வேறு பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. மூன்று நாடாக்களிலும் வினாடி வினா முடிந்த இடத்துக்குப் பின் எஞ்சியவற்றைக் கத்திரி ஒரே நாடாவில் சேர்த்துத் தந்தார்; பெட்டியக்கா அதற்குப் புதிய எண் கொடுத்து, நீளம் என்ற கட்டத்தில் தம் கையால் எழுதினார்: 16 நிமிடம் 35 விநாடி.