டி/ஓவும் ஏ/பியும்

பத்துமலை பிறந்த ரப்பர் தோட்டம் மலேசியாவில் பீடோருக்குப் பக்கத்தில் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது வீட்டுமனை. பழைய தொழிலாளர் பதிவில் பெயர் உள்ளவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு வீடு என்று நிறுவனம் ஒத்துக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா குமுதா பீடோரில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் அந்த வீட்டுக்காகக் காத்திருந்தாள். பத்துமலையோ ஈப்போவில் அதே நிறுவனத்தின் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்கிறவர். இதைவிட நல்ல வாய்ப்பு இருக்க முடியாது என்று உறவுக்காரர்கள் நினைத்தார்கள்.

பதிவுகள் தெலுக் இந்தான் கிளையின் சர்வரில் கிடந்தன. தேடுகிற திரை ஈப்போவிலிருந்து இயங்கியது. வருகிறவர் அடையாள அட்டையைச் செருகினால் பெயர் தானாக ஏறும். கையால் தட்ட இடமில்லை. அந்த இடத்தில்தான் சிக்கல். அட்டையில் மகள் என்பதற்கு மலாயில் ‘ஏ/பி’ என்றிருக்கும். தோட்டத்துக் கிராணிகள் அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் ‘டி/ஓ’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கணினிக்கு இரண்டும் இரண்டு பெண்கள். ஆகவே பத்துமலை ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதினார். அது அந்த நடு எழுத்துகளை நீக்கிவிட்டுப் பெயரையும் தகப்பன் பெயரையும் மட்டும் ஒப்பிடும். அக்காவின் பெயரைப் போட்டுச் சோதித்தார். கிடைத்தது, ஆனால் தாமதமாக.

தாமதத்துக்குக் காரணம் பிளேனர். தரவுத்தளத்தில் ஒரு கேள்வியை எந்த வழியில் முடிப்பது என்று தீர்மானிக்கும் பகுதி அது. சாதாரணமாகச் சிக்கனக்காரன். தொலைவிலுள்ள அட்டவணையிடம் தேவையான நெடுவரிசைகளை மட்டும் கேட்கும்; வடிகட்டும் வேலையையும் முடிந்தவரை அங்கேயே தள்ளிவிடும். ஆனால் பத்துமலையின் ஃபங்ஷன் ஈப்போவில் மட்டும் இருந்தது. தெலுக் இந்தானில் அதே பெயரில் ஒன்று இருந்தாலும் பொருள் அதேதானா என்று பிளேனருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக அது வைத்துக்கொள்வதில்லை. பெயர் நெடுவரிசையை ஒரு பதிவு விடாமல் ஈப்போவுக்கு வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தது. மனிதர்களிடம் பத்துமலை அதிகம் காணாத பொறுமை அது.

தெலுக் இந்தான் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் திமோத்தியைத் தொலைபேசியில் பிடித்தார்.

“இதை உங்க பக்கமும் போட்டுட்டா வேலை அங்கேயே முடிஞ்சிரும், தம்பி.”

“சூசா லா, அண்ணே, ரொம்பக் கஷ்டம். வெளியாளு கோடு எதுவும் ஏத்தக்கூடாதுன்னு ஆர்டர்.”

“நான் வெளியாளா?”

“சர்வருக்கு எல்லாரும் வெளியாளுதான் அண்ணே. வீட்டுக்கு வாங்க, சோறு போடுறேன். இது மட்டும் கேக்காதீங்க.”

மேலாளர் ஆட்ரி அவரைவிட வயதில் இளையவள், மரியாதை தெரிந்தவள். இயக்குநர்கள் பார்க்க வரும்போது திரை இப்படிச் சுழன்றுகொண்டிருக்கக் கூடாது என்பது அவள் கவலை.

“அந்த ஃபங்ஷனை எடுத்துருங்க, அண்ணே.”

“எடுத்தா டி/ஓ போட்ட பொம்பளைங்க யாருமே கிடைக்க மாட்டாங்க, மிஸ். நீங்களே பாருங்க.” ஃபங்ஷனோடும் அது இல்லாமலும் சோதித்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினார். காட்டியதுதான் தப்பு.

“குமுதா யாரு?”

“எங்க அக்கா.”

ஆட்ரி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டாள். “அண்ணே, சொந்தக்காரங்க விஷயத்துல நீங்க வாயே திறக்கக்கூடாது. ரூல் தெரியும்ல? இதை நான் பாக்கல. எடுத்துருங்க.”

இரண்டு வகையாகவும் எழுதப்பட்டதென்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். அதனால்தான் அதைப் போட்டுப் பார்த்தார். இதைச் சொல்லலாமா என்று யோசித்தார். எத்தனை பேருக்காகப் பேசினாலும், இனி அது ஒரு தம்பியின் பேச்சாகத்தான் கேட்கும். பேசாமல் ஃபங்ஷனை எடுத்தார். பிளேனருக்கு இப்போது சந்தேகம் எதுவும் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் வேலையைத் தெலுக் இந்தானுக்கே அனுப்பிவிட்டது. இயக்குநர்கள் வந்தார்கள். ஒருவர் தன் கூடவந்தவரிடம், “பாகுஸ்” என்று மலாயில் பாராட்டினார். ஆட்ரி எல்லாருக்கும் கறிபஃப் வரவழைத்தாள். பத்துமலையும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் பீடோர் அலுவலக முகப்பில் குமுதா அட்டையைக் கொடுத்தாள். அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள்.

“நான் அந்தத் தோட்டத்துலயே இல்லயாம்டா.”

பத்துமலை தொலைபேசியோடு எழுந்து வெளியே வந்தார்.

“நீ செஞ்ச மிசின்தானே இது?”

“ஆமாக்கா.”

“நல்லாத்தான் இருக்கு. முன்னெல்லாம் ஆபீசுல இல்லன்னு சொல்லவே ஒரு நாள் நிக்க வைப்பானுங்க. இது கார்டைச் சொருவுன உடனே சொல்லிருச்சு லா.”