பற்றரித் தண்ணீர் குடித்த செடி

என் மனைவி கல்யாணத்தோடு கொண்டுவந்த சாமான்களில் ஓர் அலுமாரி, ஒரு தையல் இயந்திரம், இரண்டோடும் சேராத ஒரு பூச்சட்டி இருந்தன. சட்டியில் குடுவைச் செடி. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். இலையின் நுனி நூலாக நீண்டு, அதன் முனையில் மூடியோடு ஒரு சின்னக் குடுவை தொங்கும். உள்ளே ஊறும் நீரில் எறும்பும் ஈயும் விழுந்து சாகும்; செடி அதைத் தின்று வளரும். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்காடுகளில் முளைப்பது. அங்கேதான் அவளுக்கு முதல் நியமனம். மாற்றலாகி வந்த நாளில் கூடப் படிப்பித்த ஒரு வாத்தியார் கொடுத்தாராம். இரயிலில் வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தாளாம்.

இதையெல்லாம் அவள் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் ஒரு சண்டை பிடித்து ஆறியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கறிக்குத் தாளிக்கப் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனிதர் கிழவரா இளந்தாரியா என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் என் எரிச்சல் வெளியே தெரிந்துவிடும், கேட்காததால் அவர் என் நினைப்பில் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போனார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் துறைமுகத்தில் கிளாக்கர். குவாட்டர்ஸ் வீடு கடற்குடாவைப் பார்த்தபடி இருந்தது. கடல் பக்கத்தில் இருந்தும் ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வறண்ட கச்சான் காற்று எழும்பினால் ஈரம் என்ற பேச்சே இல்லை. கொடியில் வேட்டியின் மற்றத் தலைப்பை விரிக்கும்போது முதல் தலைப்பு காய்ந்திருக்கும். அந்தக் காற்றில் குடுவைச் செடிக்கு இலை வரும், குடுவை வராது. இலை நுனி கறுத்துக் கருகி நின்றுவிடும். அதனால் செடி வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குள் என்றால் எங்கள் படுக்கையறைக்குள்.

காற்று வரும் யன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாள். மற்ற யன்னலைச் சாத்தினாள். ஒரு தட்டத்தில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, சட்டியின் அடி நீரில் படாமல் கல்லின்மேல் வைத்தாள். எங்கள் கிணறு உவர். அதன் தண்ணீர் செடிக்கு ஆகாது என்று, மாரியில் பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரைத்தான் ஊற்றுவாள். காலையிலும் பின்னேரமும் இலைகளுக்கு விரலால் தெளிப்பாள். என் சேட்டுக்கு இஸ்திரிக்கை போடும்போதுகூட அவ்வளவு பொறுமையாகத் தெளித்ததில்லை. நான் அந்தப் புழுங்கலில் வியர்த்துக்கொண்டு படுத்திருந்து, இன்னொருத்தன் கொடுத்த செடி சொகுசாக இருப்பதைப் பார்ப்பேன்.

அந்த ஆடியில் சம்பூரில் மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பள்ளிக்கூட விடுமுறை வர, இவள் தாயைப் பார்க்கப் புறப்பட்டாள். மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கு வெளிக்கிடும்போது பெட்டியை என் கையில் தந்துவிட்டு, செடியைப் பார்த்தாள். புதிதாக ஓர் இலை நுனியில் நெல்லளவு வீக்கம் தெரிந்தது.

“நீங்கள் பாப்பீங்கள்தானே?”

“ஓம், நீர் கவலைப்படாதையும்,” என்றேன்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை. அவள் கையில் செத்தால் கச்சான் கொன்றது என்பார்கள். என் கையில் செத்தால் நான் கொன்றேன் என்றுதான் அவள் நினைப்பாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பொறாமைக்காரன் என்ற பெயரோடு அவள் முன்னால் நிற்க எனக்கு ஏலாது. அந்த நெல்லளவு வீக்கத்தைக் குடுவையாக்கியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

கந்தோரில் அன்புவழிபுரத்து நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்: “சட்டி மண்ணுக்கு மேல தேங்காய்த் தும்பு போடும். ஈரம் போகாது.” நல்ல யோசனைதான். தும்பு வாங்கிவந்து மெத்தைபோல அடுக்கினேன். சில நாட்களில் இலை ஓரம் பழுப்பாகத் தொடங்கியது. ஒரு தும்பை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு! எங்கள் பக்கத்தில் தேங்காய் மட்டையைக் கடலோரக் குழியில் ஊறப்போட்டுத்தான் தும்படிப்பார்கள். பிறந்த நாள் முதல் அந்த நாற்றத்தை முகர்ந்து வளர்ந்த எனக்கு அது நினைவில் வரவில்லை. தும்பை அள்ளி எறிந்துவிட்டு, உப்புப் போகும்வரை மழைத்தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். செடி பிழைத்தது, பீப்பாய் காலி.

ஆடியில் மழைக்கு எங்கே போவது? கடைசியில் கிண்ணியாக்காரர் ஒருவரின் கார் திருத்தும் கராச்சுக்குப் போய், பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் கேட்டேன்.

“என்ன ஐயா, கார் வாங்கிட்டீங்களா?”

“இல்லை, செடிக்கு.”

“செடி ஸ்டாட் எடுக்குதில்லையா?” என்று அவர் சிரித்தார். கராச்சில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமைகளில் சம்பூருக்குப் போவேன். ஒரு சனிக்கிழமை கச்சான் பேயாக அடித்தது. சாக்கு நனைத்த கையோடு காய்ந்தது. வீக்கம் அப்போது பெருவிரலளவு வந்து, மூடி திறக்கும் பருவம். லோஞ்சுக்குப் போகாமல் சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தேன். யாருடைய செடிக்காக என்று நினைக்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடேயே நனைத்தேன்.

அடுத்த கிழமை அவள் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் அறைக்குள் போனாள். குடுவை திறந்து, சிவப்புக் கோடுகளோடு தொங்கியது. உள்ளே ஓர் எறும்புகூட விழுந்திருந்தது. மெச்சுவாள் என்று வாசலில் நின்றேன். அவள் கட்டிலில் இருந்துவிட்டாள்.

“போன சனி இதுக்காகவோ வராமல் விட்டனீங்கள்?”

“ஓம். விட்டிருந்தால் செத்திருக்கும்.”

“சாகட்டும் எண்டுதான் உங்களிட்ட விட்டிட்டுப் போனனான்,” என்றாள். “நீங்கள் இதை எப்பிடிப் பாக்கிறனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதோ? கட்டாயம் சாகவிடுவீங்கள் எண்டு நினைச்சன்.”

எனக்கு விளங்கவில்லை. “வேண்டாமெண்டால் நீரே எறிஞ்சிருக்கலாமே?”

“என்ர கையால எறிய எனக்கு ஏலாது,” என்றாள்.

ஏன் ஏலாது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் அவள் முகத்திலேயே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வெறும் வயிற்றெரிச்சல் என்று அந்த வாத்தியாரைப் பற்றிய எந்தச் சந்தேகத்தை நான் அதட்டி அடக்கிவைத்தேனோ, அது முழுக்க உண்மை. செடியோடு அவர் நினைப்பும் சாக வேண்டும் என்று அவள் என்னை நம்பித்தான் போயிருந்தாள். நான்தான் போத்தல் போத்தலாகத் தண்ணீர் வாங்கி ஊற்றி அதைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.